உயிர்வாழ்வுக் கோடு தப்பாக வருகிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

உயிர்வாழ்வுக் கோடு என்பது, நாட்கள் போகப் போக நோயாளிகளில் எத்தனை சதவீதம் பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று காட்டும் படம். மருத்துவ தீசிஸ் கெடு நெருங்கும் மாதங்களில் புள்ளியியல் ஆலோசனைக்கு வரும் கோப்புகளில் ஒரே மாதிரியான கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சூத்திரம் தப்பாக இருப்பது அபூர்வம். எந்த நாளிலிருந்து எண்ணினோம், இறப்புக்கு என்ன எண் போட்டோம், தொடர்பு விட்டுப்போனவரை எங்கே சேர்த்தோம் என்ற மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கும். அதனால், டெஸ்ட்டை மாற்றிப் பார்க்கும் முன் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், வேலை வைக்கும் காரணம் கடைசியில்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

ஆர் மென்பொருளின் சர்வைவல் தொகுப்போடு ‘லங்’ என்ற தரவு இலவசமாக வருகிறது. அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயோடு இருந்த 228 பேர். அவர்களில் 165 பேர் இறந்தது பதிவாகியிருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதை சிஎஸ்வி கோப்பாக எடுத்து ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் தரவுக்குச் செய்த அதே படிகளை இதற்கும் செய்து பாருங்கள். மொத்த மீடியன் (கோடு 50 சதவீதத்துக்கு இறங்கும் நாள்) 310 நாள், ஆண்களுக்கு 270, பெண்களுக்கு 426, ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களின் ஹசார்ட் ரேஷியோ (இறப்பு நேரும் வேகங்களின் விகிதம்) 0.59 என்று வர வேண்டும். வந்தால் உங்கள் படிகள் சரி, கோளாறு உங்கள் தரவுத் தாளில் இருக்கிறது. வராவிட்டால் படிகளைச் சரிசெய்துவிட்டு அப்புறம் தாளுக்குப் போங்கள்.

## அறிகுறி: வாழ்ந்த நாட்கள் மைனஸில் வருகின்றன

மைனஸ் நாற்பதாயிரத்துக்கு மேல் என்றால் இறந்த தேதிக் கட்டம் காலி. உயிரோடிருப்பவருக்கு அது காலியாகத்தான் இருக்கும். எக்செல் காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். 01-01-2023 என்ற தேதியை அது உள்ளுக்குள் 44927 என்று வைத்திருப்பதால் விடை -44927 என்று வருகிறது. ‘கடைசியாகத் தகவல் தெரிந்த தேதி’ என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு பத்தி வையுங்கள். இறந்தவருக்கு இறந்த தேதி, மற்றவருக்குக் கடைசியாக ஓ.பி.க்கு வந்த அல்லது போனில் பேசிய தேதி. இறந்ததாகத் தெரியாத எல்லோருக்கும் ஆய்வு முடிந்த தேதியைப் போட்டுவிடுவது பலரும் செய்யும் வேலை. அன்று அவர் உயிரோடிருந்தார் என்று யாராவது உறுதி செய்திருந்தால் மட்டுமே அப்படிப் போடலாம்.

சின்ன மைனஸ் (-30, -150) என்றால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். பத்தியின் அலைன்மென்ட்டை நீக்கிவிட்டுப் பாருங்கள். எக்செல் தேதியாக எடுத்துக்கொண்டது வலப்பக்கம் ஒட்டும். எழுத்தாக நினைத்தது இடப்பக்கம் நிற்கும். இடப்பக்கம் நிற்பவை பெரும்பாலும் 12-க்கு மேற்பட்ட நாட்கள், அவற்றில் உள்ள தேதி சரியாகவே இருக்கும். கெட்டுப்போனது வலப்பக்கம் ஒழுங்காக நிற்பவைதான்: மார்ச் 5-ஐ மே 3 ஆக மாற்றிவைத்திருக்கும். எனவே இடப்பக்கத்தை மட்டும் திருத்திவிட்டு எழுந்துவிடாதீர்கள். மூலக் கோப்பை நாள்-மாதம்-வருடம் என்ற வரிசையைச் சொல்லி மறுபடி ஏற்றுங்கள். மூலக் கோப்பு இல்லையென்றால் கேஸ் ஷீட்டை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

பூஜ்யம் என்றால் சேர்ந்த அன்றே இறந்தவர், அல்லது முதல் நாளுக்குப் பிறகு வராதவர். ஸ்டேட்டா மென்பொருள் இவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். அரை நாள், அதாவது 0.5 என்று போட்டு, அப்படிப் போட்டதை மெதட்ஸில் எழுதிவிடுங்கள்.

இந்த அறிகுறிக்குப் புள்ளியியலாளர் வேண்டாம். தேதியே எங்கும் இல்லையென்றால் போக வேண்டிய இடம் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவு.

## அறிகுறி: நோய் முற்றியவர்கள்தான் அதிக நாள் வாழ்வதாகக் கோடு சொல்கிறது

முதலில் அவுட்புட்டில் ‘ஈவென்ட்’ (இங்கே இறப்பு) எண்ணிக்கையைப் பாருங்கள். நீங்கள் கையால் எண்ணிய இறப்புகளோடு அது ஒத்துப்போகிறதா?

ஒத்துப்போகவில்லை. குறியீடு தலைகீழ். ஆர் மென்பொருளுக்கு 0, 1 என்று கொடுத்தால் 1-ஐ இறப்பாக எடுக்கும். 1, 2 என்று கொடுத்தால் 2-ஐ இறப்பாக எடுக்கும். நம் புரோஃபார்மாக்களில் (தகவல் சேகரிக்கும் படிவங்களில்) ‘1 - இறந்தார், 2 - உயிரோடு’ என்று போடும் வழக்கம் உண்டு. அதை அப்படியே ஏற்றினால் உயிரோடிருப்பவர்கள் எல்லாம் இறந்தவர்களாகிவிடுவார்கள், மென்பொருள் எச்சரிக்கவும் செய்யாது. லங் தரவில் இப்படித் திருப்பினால் 165 இறப்பு 63 ஆகிவிடும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் ‘டிஃபைன் ஈவென்ட்’ பெட்டிக்குள் நீங்கள் போட்ட எண்ணைப் பாருங்கள். புரோஃபார்மாவிலேயே 0 - உயிரோடு, 1 - இறந்தார் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே வராது.

ஒத்துப்போகிறது, கோடும் சரி, ஹசார்ட் ரேஷியோ மட்டும் எதிர்த்திசையில். யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறியிருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ்ஸின் காக்ஸ் மாடலில் (ஹசார்ட் ரேஷியோவைக் கணக்கிடும் முறை) வகைப் பிரிவுகளைக் கொடுத்தால் கடைசி வகையைத்தான் அது இயல்பாக அடிப்படையாக வைக்கும். லங் தரவில் பெண்களுக்கு 0.588 (0.424 முதல் 0.816 வரை) என்பதும் ஆண்களுக்கு 1.70 (1.23 முதல் 2.36 வரை) என்பதும் ஒரே செய்திதான். ‘ஃபர்ஸ்ட்’ என்று மாற்றி ‘சேஞ்ச்’ பொத்தானை அழுத்துங்கள். அதை அழுத்தாமல் விட்டுவிட்டு மறுபடி அதே விடை வருகிறது என்று சொல்பவர்கள் அதிகம்.

இரண்டும் சரி, ஆனாலும் தலைகீழ். அடுத்த அறிகுறியைப் படியுங்கள். உங்கள் சிக்கல் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

## அறிகுறி: கோடு உயரத்திலேயே தட்டையாகப் போகிறது, வார்டில் பார்த்ததோடு ஒட்டவில்லை

இந்த ஒன்றில் நிதானமாக நில்லுங்கள். தீசிஸ் முழுவதும் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

கப்ளான்-மையர் கோடு (நாம் இதுவரை பேசிய உயிர்வாழ்வுக் கோடுதான்) ஒன்றை நம்பி நிற்கிறது: நடுவில் தொடர்பு விட்டுப்போனவரின் கதி, தொடர்ந்து வந்தவரின் கதியைப் போலவே இருந்திருக்கும் என்பதை. நம் ஆஸ்பத்திரிகளில் இது பல நேரம் உண்மையில்லை. உடம்பு முடியாமல் போனவர் பஸ் ஏறி வர முடியாமல் ஊரிலேயே தங்கிவிடுகிறார், வீட்டில் இறக்கிறார், நம் தாளில் அவர் ‘சென்சார்’, அதாவது இறந்ததாகத் தெரியாமல், கடைசியாகத் தகவல் தெரிந்த நாளோடு கணக்கு நின்றவர். சில ஊர்களில் இதற்கு நேர்மாறு. தேறியவர் வேலைக்குப் போய்விடுகிறார், முடியாதவர் மட்டும் வருகிறார். அப்போது கோடு உண்மையைவிடக் கீழே விழும், மேலே சொன்ன தலைகீழ்க் கோடும் இப்படி உருவாகலாம்.

சோதனை ஒன்று. சென்சார் ஆனவர்களை இரண்டாகப் பிரியுங்கள்: ஆய்வு முடியும்வரை உயிரோடு இருந்ததாகத் தெரிந்தவர், நடுவில் காணாமல் போனவர். இதற்குத் தனிப் பத்தி வேண்டும். கோட்டில் சென்சாரைக் காட்டும் சின்னக் குறிகள் ஆரம்ப மாதங்களிலேயே நெருக்கமாக விழுந்திருந்தால் இரண்டாவது வகை அதிகம் என்று அர்த்தம்.

சோதனை இரண்டு. காணாமல் போனவர்களின் ஸ்டேஜ், வயது, முதல் நாள் நடமாடும் நிலை ஆகியவற்றைத் தொடர்ந்து வந்தவர்களோடு ஒரு அட்டவணையில் பக்கத்தில் வையுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் அந்த அனுமானம் உடைந்துவிட்டது.

பரிகாரம், போன். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலில் போன் தொடர்பும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழையுங்கள். எடுப்பது பெரும்பாலும் மகனோ மருமகளோதான். யார், எந்த ஆஸ்பத்திரி, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் விசாரியுங்கள். “அவர் போய் ஆறு மாசம் ஆச்சுங்க” என்று பதில் வந்தால் உடனே தேதி கேட்காதீர்கள். ஒரு நிமிஷம் அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். தேதி நினைவில்லை என்பார்கள். பொங்கலுக்கு முன்னா பின்னா, எந்தக் கிழமை, பதினாறாம் நாள் காரியம் எப்போது நடந்தது என்று கேட்டால் காலண்டரில் கிட்டத்தட்ட அந்த வாரத்துக்கு வந்துவிடலாம். மாதக் கணக்கில் போகும் ஆய்வுக்கு அது போதும். இந்தப் போன் வேலைக்கு ஈடான புள்ளியியல் உத்தி எதுவும் கிடையாது.

அப்புறமும் கிடைக்காதவர்களுக்கு இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள்: எல்லோரும் கடைசியாகத் தெரிந்த அன்றே இறந்ததாக ஒரு முறை, எல்லோரும் ஆய்வு முடியும்வரை வாழ்ந்ததாக ஒரு முறை. இரண்டிலும் முடிவு மாறவில்லை என்றால் தைரியமாக எழுதலாம். மாறுகிறது என்றால் இரண்டு விடைகளையும் எழுதுங்கள், புள்ளியியலாளரையும் பாருங்கள்.

## அறிகுறி: மீடியன் இடத்தில் புள்ளியோ என்ஏவோ நிற்கிறது

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. கோடு 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. பாதிப் பேர் இன்னும் இறக்கவில்லை. ‘மீடியன் எட்டப்படவில்லை’ என்று எழுதி, ஒரு வருட, இரண்டு வருட உயிர்வாழ்வு சதவீதத்தைக் கான்ஃபிடன்ஸ் இன்டர்வலோடு (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) கொடுங்கள்.

செய்யக்கூடாதவை இரண்டு. இறந்தவர்களை மட்டும் எடுத்து அவர்கள் வாழ்ந்த நாட்களின் சராசரியைப் போடுவது ஒன்று. வாழ்ந்துகொண்டிருப்பவர்களை விட்டுவிட்டால் நோய் இருப்பதைவிடக் கொடியதாகத் தெரியும். எஸ்பிஎஸ்எஸ் கொடுக்கும் ‘மீன்’ எண்ணை மீடியனுக்குப் பதிலாக எழுதுவது இன்னொன்று. சென்சார் இருக்கும்போது அது உங்கள் தாளிலுள்ள மிக நீண்ட ஃபாலோ-அப் வரைக்கும்தான் கணக்கிட்டது. ஃபாலோ-அப் கூடினால் அதுவும் மாறும்.

ஃபாலோ-அப்பின் மீடியன் கேட்டால் குறியீட்டைத் திருப்பிப் போட்டு, அதாவது சென்சாரை ஈவென்ட்டாக வைத்து, கப்ளான்-மையரை ஒரு முறை ஓட்டுங்கள். அதில் வரும் மீடியன்தான் விடை.

## அறிகுறி: கோட்டின் கடைசியில் செங்குத்தான சரிவு

கோட்டுக்கு அடியில் ‘அந்த நேரத்தில் கண்காணிப்பில் இருப்பவர்கள்’ வரிசையைப் போட்டுப் பாருங்கள். இரண்டே பேர் மிச்சமிருக்கும்போது ஒருவர் இறந்தால் கோடு பாதியாக விழும். நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆட்கள் மிகக் குறைந்துபோகும் இடத்தில் கோட்டை வெட்டிவிடுங்கள், கடைசி நீளத்தை வைத்து டிஸ்கஷனில் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

## அறிகுறி: சிகிச்சை நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வேலை செய்கிறது

ஒரே கேள்வி கேளுங்கள்: யார் எந்தக் குழு என்பது முதல் நாளே தெரியுமா, போகப் போகத் தெரிந்ததா?

‘ஆறு சைக்கிள் கீமோவையும் முடித்தவர்கள்’, ‘முடிக்காதவர்கள்’ என்று பிரித்து, இருவருக்கும் நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து எண்ணினால் முடித்தவர்கள் ஜெயித்தே தீருவார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்று என்றால் ஆறாவது சைக்கிளைத் தொடவே 15 வாரம் உயிரோடு இருந்திருக்க வேண்டும். இரண்டாவது வாரத்தில் இறந்தவர் தானாகவே எதிர்க்குழுவில் விழுகிறார். ‘மருந்துக்குக் கட்டுப்பட்டவர்கள்’, ‘கட்டுப்படாதவர்கள்’ என்ற பிரிவிலும் இதே கதை.

இதற்குப் பேர்போன உதாரணம் ஸ்டான்ஃபோர்டின் இதய மாற்று சிகிச்சைத் தரவு. 1967 முதல் 1974 வரை சேர்க்கப்பட்ட 103 பேரில் 69 பேருக்கு மாற்று இதயம் கிடைத்தது. அவர்களில் 45 பேர் இறந்தார்கள். கிடைக்காத 34 பேரில் 30 பேர் இறந்தார்கள். அப்படியே ஒப்பிட்டால் அறுவை சிகிச்சை அற்புதமாகத் தெரியும். ஆனால் இதயம் கிடைக்கும்வரை காத்திருக்க உயிர் வேண்டுமே! காத்திருந்த நாட்களைக் ‘கிடைக்காத’ கணக்கிலும், கிடைத்த பிறகான நாட்களை மட்டும் ‘கிடைத்த’ கணக்கிலும் வைத்தால் ஹசார்ட் ரேஷியோ 1-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இந்தத் தரவும் ஆர் மென்பொருளின் அதே தொகுப்பில் இருக்கிறது, போட்டுப் பாருங்கள்.

எளிய பரிகாரம்: ஒரு நாளை, உதாரணமாக நான்காம் மாத முடிவை, எல்லையாக வைத்து, அன்று உயிரோடு இருந்தவர்களை மட்டும் எடுத்து, அன்றைக்கு இருந்த குழுப்படி, அன்றிலிருந்து எண்ணுங்கள். எல்லையை முடிவைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள். காலத்தோடு மாறும் காரணியாகக் காக்ஸ் மாடலில் போடுவது அடுத்த வழி. அதற்குத் தாளையே வேறு வடிவில் அடுக்க வேண்டும். முதல் தடவை செய்கிறீர்கள் என்றால் புள்ளியியலாளர் பக்கத்தில் இருக்கட்டும்.

## அறிகுறி: கோடுகளுக்கு நடுவே நல்ல இடைவெளி, லாக்-ரேங்க் மட்டும் ‘வித்தியாசமில்லை’ என்கிறது

லாக்-ரேங்க் என்பது இரு கோடுகளுக்கும் வித்தியாசம் உண்டா என்று பார்க்கும் டெஸ்ட். கோடுகள் வெட்டிக்கொள்ளவில்லை என்றால் இறப்புகளை எண்ணுங்கள். இங்கே பலம் தருவது ஈவென்ட்டின் எண்ணிக்கை, நோயாளிகளின் எண்ணிக்கை அல்ல. இரு குழுக்களும் சம அளவில் இருந்து, ஹசார்ட் ரேஷியோ 0.5 அளவுக்குப் பெரிய வித்தியாசம் இருந்தாலும், அதை 80 சதவீத பவரோடு (இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) பிடிக்க ஏறக்குறைய 66 ஈவென்ட் வேண்டும்; 0.7 என்றால் 247. உங்களிடம் 18 இருந்தால் ‘வித்தியாசம் இல்லை’ என்று எழுதாதீர்கள். ‘கண்டுபிடிக்கப் போதுமான ஈவென்ட் இல்லை’ என்று எழுதுங்கள். பி மதிப்பு இறங்கும்வரை வெவ்வேறு டெஸ்ட்டுகளை ஓட்டிப் பார்ப்பது கூடவே கூடாது.

வெட்டிக்கொள்கின்றன என்றால் ஒரே ஹசார்ட் ரேஷியோ முழுக் காலத்துக்கும் பொருந்தவில்லை. ஆர் என்றால் ஷோன்ஃபெல்ட் சோதனை, எஸ்பிஎஸ்எஸ் என்றால் லாக்-மைனஸ்-லாக் படம் போட்டு உறுதிசெய்யுங்கள். அப்புறம் உள்ளே இரண்டு வகை நோயாளிகள் கலந்திருக்கிறார்களா என்று பாருங்கள். 2009-இல் வெளிவந்த ஐபாஸ் ஆய்வில் கிழக்காசியாவின் 1217 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் ஜெஃபிடினிப் மாத்திரையைக் கீமோவோடு ஒப்பிட்டார்கள். நோய் முற்றாமல் இருந்த காலத்தின் கோடுகள் வெட்டிக்கொண்டன. மொத்த ஹசார்ட் ரேஷியோ 0.74. இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருந்தவர்களைத் தனியே எடுத்தால் 0.48, இல்லாதவர்களிடம் 2.85. ஒரு கூட்டத்துக்கு நல்லது, இன்னொன்றுக்குக் கெடுதல், 0.74 யாருக்குமே பொருந்தாத எண். உங்கள் தரவில் அப்படிப் பிரிக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லையென்றால், குறிப்பிட்ட காலத்துக்குள் சராசரியாக வாழ்ந்த நாட்களை ஒப்பிடும் முறை இருக்கிறது. அதற்குப் புள்ளியியலாளரைக் கேளுங்கள்.

## அறிகுறி: ஹசார்ட் ரேஷியோ 0.000, அல்லது இன்டர்வல் லட்சக்கணக்கில் போகிறது

ஒரு குழுவில் ஈவென்ட்டே இல்லை. குறுக்கு அட்டவணை போட்டால் அந்தப் பூஜ்யம் கண்ணில் படும். வகைகளை இணைக்க மருத்துவ நியாயம் இருந்தால் இணையுங்கள். பூஜ்யத்தை அப்படியே சொல்வதிலும் தப்பில்லை: முழுமையாகக் கண்காணிக்கப்பட்ட 60 பேரில் யாரும் இறக்கவில்லை என்றால், உண்மையான இறப்பு விகிதம் 3/60, அதாவது சுமார் 5 சதவீதம் வரை இருக்கலாம். மாடலுக்குள் அவசியம் வேண்டும் என்றால் ஃபர்த் திருத்தம் என்று ஒன்று உண்டு, அது புள்ளியியலாளர் வேலை. பத்து ஈவென்ட்டுக்கு ஒரு காரணி என்ற பழைய கணக்கையும் மறக்க வேண்டாம். 20 இறப்புகளை வைத்துக்கொண்டு ஒன்பது காரணிகளை உள்ளே போட்டாலும் இதே மாதிரி எண்கள்தான் வரும்.

## அறிகுறி: ஒரே தரவு, மூன்று வெவ்வேறு ரேஷியோ

லங் தரவையே எடுங்கள். 138 ஆண்களில் 112 பேர் இறந்தார்கள் (81 சதவீதம்), 90 பெண்களில் 53 பேர் (59 சதவீதம்). ரிஸ்க் ரேஷியோ (இறந்தவர் சதவீதங்களின் விகிதம்) 0.73. ஹசார்ட் ரேஷியோ 0.59. ஆட்ஸ் ரேஷியோ (ஒவ்வொரு குழுவிலும் இறந்தவரை இறக்காதவரால் வகுத்து, அவற்றை ஒப்பிடுவது) 0.33. மூன்றுமே கணக்குப்படி சரி. எதை எழுதினாலும் ‘பெண்களுக்கு ஆபத்து இத்தனை சதவீதம் குறைவு’ என்று ஒரே வாக்கியத்தில் நுழைத்துவிடுவதுதான் கோளாறு. 0.33-ஐ வைத்து ‘மூன்றில் ஒரு பங்குதான் சாகிறார்கள்’ என்று எழுதினால் அப்பட்டமான பொய்.

நடந்த சம்பவமும் இருக்கிறது. 1999-இல் ஒரு அமெரிக்க ஆய்வு, ஒரே மாதிரி நெஞ்சுவலி உள்ள நோயாளிகளாக நடித்தவர்களின் வீடியோவை டாக்டர்களுக்குக் காட்டி, இதயக் குழாய்ப் பரிசோதனைக்கு யாரை அனுப்புவார்கள் என்று கேட்டது. வெள்ளையரில் 90.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 84.7 சதவீதம். ஆட்ஸ் ரேஷியோ 0.6 என்று வந்தது, ‘40 சதவீதம் குறைவு’ என்று செய்தியானது. ரிஸ்க் ரேஷியோ 0.93தான். பாகுபாடு இருந்தது உண்மை, அதன் அளவு அப்படியில்லை.

எதை எழுதுவது? கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு (நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் எடுத்துப் பின்னோக்கிப் பார்ப்பது) என்றால் ஆட்ஸ் ரேஷியோ தவிர வேறு வழியில்லை. எல்லோரையும் ஒரே அளவு காலம் தொடர்ந்து பார்த்திருந்தால் ரிஸ்க் ரேஷியோ. ஃபாலோ-அப் ஆளுக்கு ஆள் மாறினால், லங் தரவைப் போல, ஹசார்ட் ரேஷியோ. விளைவு 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம்தான் வருகிறது என்றால் ஆட்ஸும் ரிஸ்க்கும் நெருங்கி வரும். லாஜிஸ்டிக் மாடலிலிருந்து ரிஸ்க் ரேஷியோ வேண்டும் என்று கைடு கேட்டால் மாடலையே மாற்ற வேண்டியிருக்கும், அப்போது உதவி கேளுங்கள்.

## அறிகுறி: ‘31 சதவீதம் குறைந்தது’ என்று எழுதினேன், வைவாவில் மடக்கிவிட்டார்கள்

எதிலிருந்து எதற்குக் குறைந்தது என்று எழுதவில்லை. ஸ்காட்லாந்தில் 6595 ஆண்களிடம் கொழுப்பைக் குறைக்கும் பிராவாஸ்டாட்டின் மாத்திரையைச் சோதித்து 1995-இல் வெளியான ஆய்வில், சுமார் ஐந்து வருடத்தில் மாரடைப்போ இதய நோய் மரணமோ நேர்ந்தவர்கள் 7.9 சதவீதத்திலிருந்து 5.5 ஆனார்கள். ஒப்பீட்டில் 31 சதவீதக் குறைவு, நேரடியாக 2.4 சதவீதப் புள்ளி. ஒருவரைக் காப்பாற்ற 42 பேர் ஐந்து வருடம் மாத்திரை சாப்பிட வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள், காலத்தை விட்டுவிடாதீர்கள். எத்தனை வருடத்தில் என்று சொல்லாத ‘42 பேருக்கு ஒருவர்’ என்பதை வைத்து நோயாளிக்கு எதுவும் விளக்க முடியாது.

## அறிகுறி: தனித்தனிக் காரணங்களின் சதவீதத்தைக் கூட்டினால் மொத்த இறப்பைத் தாண்டுகிறது

புற்றுநோய் இறப்புக்கு ஒரு கப்ளான்-மையர், இதய இறப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக ஓட்டி, ஒவ்வொன்றையும் 100-இலிருந்து கழித்திருப்பீர்கள். மாரடைப்பில் இறந்தவரைச் சென்சார் என்று வைத்தால், அவர் இனிமேல் புற்றுநோயில் இறக்கலாம் என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒவ்வொரு சதவீதமும் ஊதிப்போகிறது. வயதானவர்கள், டயாலிசிஸ் நோயாளிகள் போல வேறு காரணத்தாலும் பலர் இறக்கும் ஆய்வுகளில் இது பெரிதாகத் தெரியும்.

முதலில் இறப்புக் காரணம் எல்லோருக்கும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகாதவர்கள் நிறைய என்றால் எல்லாக் காரணங்களையும் சேர்த்த மொத்த இறப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், அது நேர்மையான முடிவு. காரணம் சரியாக இருந்தால் 0 - உயிரோடு, 1 - ஆய்வு செய்யும் நோய், 2 - வேறு காரணம் என்று மாற்றி, போட்டியிடும் காரணங்களுக்கான கூட்டு நிகழ்வுக் கோட்டைப் போடுங்கள். படம்வரை நீங்களே போகலாம். ஃபைன்-கிரே மாடலா, காரணவாரிக் காக்ஸா என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டுப் புள்ளியியலாளரிடம் போங்கள். திருத்தாத மூலத் தாள், குறியீட்டு விளக்கம், எந்த நாளிலிருந்து எண்ணினீர்கள் என்பது, குழுவாரியாக ஈவென்ட் எண்ணிக்கை ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். அவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.